டயல் டோன் இருக்கிறது, ஆனால் மோடத்துக்குக் கேட்கவில்லை

கணினியைப் போன் கம்பி வழியாக இணையத்தில் சேர்க்கும் மோடம், மூன்று நாள் பாடாய்ப் படுத்திவிட்டு, நேற்று ராத்திரி ஒன்பதரைக்குக் கீச்சென்று கத்திவிட்டு இணைப்பில் ஏறியது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில். திருநெல்வேலி டவுனிலும் பாளையிலும் இருக்கிற நண்பர்கள் பிராட்பேண்டு வாங்கிவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு அது வரும்வரை டயல்-அப்தான், அதாவது போன் லைனில் எண்ணை டயல் செய்து இணையத்தில் ஏறுவதுதான் கதி. ஐப்பசி மழையில் விழுந்த ஓர் இடியில் பழைய மோடம் போய்விட்டது. ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் புது பிசிஐ மோடம், அதாவது கணினிக்குள் ஸ்லாட்டில் செருகும் கார்டு, வாங்கினேன். அங்கேதான் கதை ஆரம்பம்.

உங்களிடம் விண்டோஸ் எக்ஸ்பி இருக்கிறது, மோடம் கார்டைச் செருகத் தெரியும், டயல் செய்ய வேண்டிய எண்ணும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். புது இணைப்பு உருவாக்குவது வெறும் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் வேலை. அதை எழுதப் போவதில்லை.

படி 1: கணினியைத் தொடாதீர்கள்

முதலில் சாதாரண போனை எடுத்து, மோடத்துக்குப் போகும் அதே வயரில் மாட்டுங்கள். டயல் டோன் (எண்ணை அடிக்கலாம் என்று லைன் கொடுக்கும் சத்தம்) வருகிறதா? வந்தால் 5 என்ற எண்ணை ஒருமுறை அழுத்துங்கள். டோன் நின்று அமைதியாகும். அந்த அமைதியைக் கூர்ந்து கேளுங்கள். கரகரவென்று எண்ணெயில் வடகம் பொரிவது போலச் சத்தம் வந்தால் கோளாறு லைனில். எந்த டிரைவரும் (கார்டை விண்டோஸுக்குப் புரியவைக்கும் மென்பொருள்) அதைச் சரி செய்யாது. நாம் பேசும்போது காது அந்தச் சத்தத்தைத் தள்ளிவிடும். மோடம் தள்ளாது, இணைப்பை அறுத்துவிடும்.

எங்கள் வீட்டில் குற்றவாளி ரோசெட் பாக்ஸ், அதாவது போன் வயர் வந்து சேரும் சுவர்ப் பெட்டி. திறந்து பார்த்தால் திருகில் பச்சையாகக் களிம்பு, உள்ளே எறும்புக் கூடு. கம்பி முனையைச் சுரண்டி மறுபடி இறுக்கினேன். லைனில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட்தான், பெரிதாக ஒன்றும் செய்யாது. ஆனால் மணி அடிக்கும்போது ஏறக்குறைய 75 வோல்ட் மாறுமின்சாரம் வரும். நான் கம்பியைக் கையில் பிடித்திருந்த நேரம் பார்த்து மும்பையிலிருந்து சித்தப்பா போன் செய்தார். நீங்கள் திருகைத் தொடும்முன் வெளியிலிருந்து வரும் வயரைப் பிரித்துவிடுங்கள்.

மோடத்தின் பின்னால் இரண்டு துளைகள் இருக்கும். சுவரிலிருந்து வருவது ‘லைன்’ என்று போட்டதில்தான் போக வேண்டும்.

படி 2: டிரைவர்

மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், ஹார்ட்வேர், டிவைஸ் மேனேஜர். அங்கே மஞ்சள் கேள்விக்குறியோடு ‘பிசிஐ சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’ என்று ஒன்று நின்றால், பெரும்பாலும் அதுதான் உங்கள் மோடம். டிரைவர் இல்லாததால் விண்டோஸுக்கு அதை அடையாளம் தெரியவில்லை.

கடைக்காரரிடம் போன் செய்து கேட்டேன். “அண்ணாச்சி, சிடி வேற மாடல்னு காட்டுது.” “உள்ள எல்லா மாடலும் இருக்கு தம்பி, போட்டுப் பாரும்.” போட்டுப் பார்த்தேன். எல்லா மாடலும் இருந்தது, என்னுடையதைத் தவிர.

பெட்டியில் போட்ட பெயரை நம்பாதீர்கள். சிப் யாருடையது என்பதுதான் கணக்கு. அந்தக் கேள்விக்குறி வரியை இரட்டை கிளிக் செய்து டீடெயில்ஸ் தாவலுக்குப் போனால் பிசிஐ என்று தொடங்கும் ஒரு நீள வரி வரும். அதில் ‘வென்’ (VEN) என்பதை அடுத்து வரும் நான்கு எழுத்துகளைப் பாருங்கள். 14எஃப்1 என்றால் கோனெக்ஸன்ட், 11சி1 என்றால் லூசன்ட் (பின்னால் அகியர்), 1057 மோட்டோரோலா, 8086 இன்டெல். அதை அடுத்து ‘டெவ்’ (DEV) என்று வருவது மாடல். இரண்டையும் தாளில் குறித்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய், எக்ஸ்பிக்கான டிரைவரைத் தேடி இறக்கிக்கொண்டு வந்தேன். விண்டோஸ் 98-க்கான டிரைவரை எக்ஸ்பியில் திணிக்கப் பார்க்காதீர்கள். ஃப்ளாப்பியோடு போய் ஏமாறவும் வேண்டாம். சில டிரைவர்கள் 1.44 எம்பியில் அடங்காது, பென் டிரைவ் கொண்டுபோங்கள்.

இந்தத் தொல்லை எல்லாம் இவை பாதி மோடம் என்பதால் வருவது. கார்டில் லைனைப் பிடிக்கும் பகுதி மட்டும்தான் இருக்கிறது. ஒலியைத் தரவாக மாற்றும் வேலையைக் கணினியின் பிராசஸர் டிரைவர் வழியாகச் செய்கிறது. சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடத்தில் அந்த வேலைக்குத் தனிச் சிப் உள்ளேயே இருக்கும். டிரைவர் கிடைக்காவிட்டாலும் விண்டோஸில் இருக்கும் ‘ஸ்டாண்டர்டு 56000 பிபிஎஸ் மோடம்’ என்பதைத் தேர்ந்தெடுத்து ஓட்டிவிடலாம். விலை அதிகம்தான். ஆனாலும் என்னைக் கேட்டால் வெளி மோடமே வாங்குங்கள். விளக்கு மினுங்குவதைப் பார்த்தே பாதிக் கோளாறைச் சொல்லிவிடலாம்.

படி 3: பழைய பெயரில் மாட்டிக்கொண்ட இணைப்பு

டிரைவர் ஏறியதும் கண்ட்ரோல் பேனலில் ஃபோன் அண்டு மோடம் ஆப்ஷன்ஸ் திறந்து, மோடத்தின் ப்ராப்பர்ட்டீஸில் டயக்னாஸ்டிக்ஸ், அப்புறம் குவெரி மோடம். வரிசையாகக் கட்டளையும் பதிலும் வந்தால் கணினியும் மோடமும் பேசிக்கொள்கின்றன என்று அர்த்தம்.

அப்படியும் எனக்குப் பிழை 633 (மோடம் வேறு வேலையில் இருக்கிறது அல்லது சரியாக அமைக்கவில்லை) வந்தது. டிரைவரை இரண்டுமுறை போட்டதில் விண்டோஸ் மோடத்துக்கு ‘#2’ என்று வால் ஒட்டி, வேறு காம் போர்ட்டைக் கொடுத்துவிட்டது. என் பழைய இணைப்பு செத்துப்போன மோடத்தையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ‘கனெக்ட் யூசிங்’ பட்டியலைப் பார்த்து புது மோடத்துக்கு டிக் போட்டதும் தீர்ந்தது.

படி 4: பிழை 680

இதில்தான் இரண்டு நாள் போனது. போனில் டயல் டோன் மணிமணியாகக் கேட்கிறது, மோடமோ “டயல் டோன் இல்லை” என்கிறது. வயரை மாற்றினேன், வேறு ஸ்லாட்டில் செருகினேன், டிரைவரை மறுபடி போட்டேன். எதற்கும் அசையவில்லை.

கடைசியில் பார்த்தால், விண்டோஸ் போடும்போது நான் அவசரத்தில் நாடு என்ற இடத்தை அமெரிக்கா என்றே விட்டிருக்கிறேன். அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு சுருதிகள் சேர்ந்தது. நம்முடையது 400 ஹெர்ட்ஸ், அதன் மேல் 25 ஹெர்ட்ஸ் அதிர்வு. அதனால்தான் நம் டோன் ‘ர்ர்ர்’ என்று பூனை உறுமுவது மாதிரி இருக்கிறது. அமெரிக்கச் சுருதியை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த மோடத்துக்கு இது டோனாகவே படவில்லை.

ஃபோன் அண்டு மோடம் ஆப்ஷன்ஸில் டயலிங் ரூல்ஸ், எடிட். நாடு இந்தியா என்று மாற்றுங்கள். அங்கேயே ‘டோன்’ தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ‘பல்ஸ்’ பழைய எக்ஸ்சேஞ்சுகளுக்கு. சில மோடங்களுக்கு அவற்றின் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு தாவலிலேயே தனியாக நாட்டுப் பட்டியல் உண்டு, அதையும் மாற்றுங்கள்.

அப்படியும் 680 வந்தால் அதே அட்வான்ஸ்டு தாவலில், கூடுதல் தொடக்கக் கட்டளைகளுக்கான பெட்டியில் எக்ஸ்3 (X3) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். டோனுக்குக் காத்திருக்காமல் டயல் செய் என்று பொருள். டயல் செய்யும் எண்ணுக்கு முன்னால் ஒரு காற்புள்ளி வைத்தால் 2 விநாடி பொறுத்து டயல் செய்யும். லைன் திறந்து நிதானிக்க அது போதும்.

எக்ஸ்3-இல் ஒரு சங்கடம். யாராவது பேசிக்கொண்டிருந்தாலும் மோடம் குறுக்கே புகுந்து எண்ணை அடிக்கும். ஆச்சி ஹாலில் பேசிக்கொண்டிருந்தபோது அப்படி ஆகி, “போன்ல பேய் கத்துதுடே” என்று அலறிவிட்டாள். அதனால் நாட்டை மாற்றியதிலேயே சரியானால் எக்ஸ்3 வேண்டாம்.

மற்ற எண்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். 676 என்றால் எதிர்முனை லைன் வேறு அழைப்பில் இருக்கிறது, சற்றுப் பொறுத்துப் பாருங்கள். 678 என்றால் எதிர்முனை பதில் சொல்லவில்லை, டயல் செய்த எண்ணைச் சரிபாருங்கள். 691 பெயரோ கடவுச்சொல்லோ தப்பு, பெரும்பாலும் கேப்ஸ் லாக். மோடத்தின் ஸ்பீக்கரை மட்டும் அணைக்காதீர்கள். அந்தக் கீச்சுச் சத்தத்தை நாலுநாள் கேட்டால், எந்த இடத்தில் இடறுகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும்.

பிற்சேர்க்கை: வள்ளியூர்க்காரர் ஒருவர், படி 4 முடித்தபின் தப்பான எண்ணுக்குப் போகிறது என்று எழுதினார். நாட்டையும் ஏரியா கோடையும் நிரப்பியதும் விண்டோஸ் உள்ளூர் எண்ணுக்கே எஸ்டிடி கோடைச் சேர்த்து அடித்திருக்கிறது. இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் ‘யூஸ் டயலிங் ரூல்ஸ்’ டிக்கை எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வையுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை: 115 கேபிபிஎஸ் காட்டுகிறதே, லைன் அவ்வளவு வேகமா என்று சங்கரன்கோவிலிலிருந்து கேள்வி. அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான போர்ட்டின் வேகம். 56கே மோடத்துக்கு நம் கம்பியில் நாற்பது சொச்சம் கிடைத்தாலே நல்ல லைன். இடையில் அலுவலக இன்டர்காம் பெட்டி இருந்தால் 33.6-ஐத் தாண்டாது.

மூன்றாவது: குவெரி மோடம் ஒழுங்காகப் பதில் சொல்கிறது, எக்ஸ்3 போட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள் இரண்டு பேர். மோடம் டயல் செய்யும்போது பக்கத்துப் போனை எடுத்துக் கேளுங்கள். டிக் டிக்கோ டோனோ கேட்காமல் வெறும் ர்ர்ர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், கணினிப் பக்கம் பிழைத்து லைன் பக்கம் இடியில் வெந்துவிட்டது. என் பழைய மோடத்துக்கும் அதே கதிதான். புதிது வாங்குங்கள். வானம் இருட்டினால் கரண்ட் பிளக்கோடு போன் வயரையும் சேர்த்துப் பிடுங்குங்கள். அன்று நான் பிளக்கை மட்டும்தான் பிடுங்கியிருந்தேன்.