ஒரே பாவத்தோடு மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது எப்படி

சிங்கப்பூரின் தேக்கா சந்தை மேல்மாடியில் 26 ஆண்டுகளாகத் துணி தைக்கிறேன். என் பாவம் நம்பர். புதன், சனி, ஞாயிறு மாலை 6.30 மணிக்குக் குலுக்குகிறார்களே, அந்த ஃபோர்டி என்ற நான்கு இலக்க லாட்டரி. விபத்தில் நசுங்கிய காரின் எண்ணை எழுதியிருக்கிறேன். கனவில் வந்த மாமியாரின் பழைய அடுக்குமாடி புளோக் எண்ணை எழுதியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் பலகையில் போட்டிருந்த இரண்டு பாட்டு எண்களைச் சேர்த்து எழுதினேன். அதுவும் விழவில்லை. 10,000 எண்களில் 23-க்குத்தான் பரிசு என்ற கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை.

நான் இன்னும் முழுவதாக விட்டவள் இல்லை. பாவத்தில் விழுந்தும் கோயிலை விட்டு ஓடாமல் இருக்கக் கற்றுக்கொண்டவள். அந்த அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பாவத்துக்குச் சரியான பெயர் வையுங்கள். குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தில் நான் ஆண்டுக்கணக்காக, "சூதாடினேன் ஃபாதர்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அவர், "யாருடைய காசு அம்மா?" என்று கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சூதாட்டம் அதனளவில் நீதிக்கு மாறானதல்ல என்றுதான் திருச்சபையின் மறைக்கல்வி நூல், எண் 2413-இல் சொல்கிறது. தனக்கும் பிறருக்கும் வாழத் தேவையானதை அது பறித்துக்கொள்ளும்போதுதான் ஏற்க முடியாததாகிறது. ஆளை அடிமையாக்கிவிடும் என்றும் அங்கேயே எச்சரித்திருக்கிறது. ஆகவே என் பாவத்தின் சரியான பெயர் இது: மின்கட்டணத்துக்கென்று மகன் கொடுத்த 140 வெள்ளியில் 60 வெள்ளியை எடுத்தேன், பில் இன்னும் வரவில்லை என்று அவனிடம் சொன்னேன். ஒரு திருட்டு, ஒரு பொய். இப்படிப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எங்கே நின்று சண்டை போட வேண்டும் என்று புரிந்தது. நம்பரோடு மல்லுக்கட்டினால் நான் தோற்பேன். பொய்யை விட்டால் நம்பருக்குக் காசு வரும் வழியே அடைபட்டுவிடும்.

அடுத்தது சந்தர்ப்பம். சோதனைக்கு எதிரே நின்று பலம் காட்ட வேண்டாம். விவிலியத்தில், எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு மேலாடையைப் போட்டுவிட்டு ஓடித்தான் தப்பினார். என் புளோக்கின் கீழே நம்பர் கடை இருக்கிறது. அதைத் தவிர்க்க ஒரு நிறுத்தம் முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கிப் பின்பக்கமாக நடக்கிறேன். முட்டி வலிக்கிறது, நடக்கிறேன். குலுக்கல் நாள்களில் பணப்பையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்துவிடுவேன். அவர் ஒரு மலாய் அக்கா. 6.30 தாண்டினால்தான் திருப்பித் தருவார். ஏன் என்று முதல்நாளே சொல்லிவிட்டேன். சொல்வதற்கு முன் இருந்த நடுக்கம் பாவசங்கீர்த்தனத்தில்கூட எனக்கு இருந்ததில்லை. இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சோதனைக்காரனான சாத்தானைக் கள்ளக்காதலனுக்கு ஒப்பிடுகிறார்: விஷயம் வெளியே தெரிந்துவிட்டால் தன் வேலை கெட்டது என்று அவனுக்குத் தெரியும், அதனால்தான் ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறான்.

இஞ்ஞாசியாரிடமிருந்து கற்ற இன்னொன்று புள்ளி போடுவது. 1548-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய ஆன்மிகப் பயிற்சிகள் என்ற நூலில் இந்த முறை இருக்கிறது. ஒரே ஒரு குற்றத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு இரண்டு கோடுகள். காலையிலிருந்து மதியம்வரை விழுந்தது மேல்கோட்டில், மதியத்திலிருந்து இரவுவரை விழுந்தது கீழ்க்கோட்டில், ஒவ்வொரு விழுகைக்கும் ஒரு புள்ளி. விழுந்த அந்த நொடியே கையை நெஞ்சில் வைத்து வருந்த வேண்டும். நாலு பேர் நடுவிலும் இதை யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்கிறார். நான் வைத்தால் ரவிக்கையில் குத்தியிருக்கும் குண்டூசி கையில் படும். நல்லதுதான். பிறகு நாளை நாளோடும் வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

என் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டேன். நம்பர் வாங்கியது, அதற்காகப் பொய் சொன்னது, முடிவு பார்த்தது எல்லாவற்றுக்கும் புள்ளி. முதல் வாரம் 19. எட்டாவது வாரம் 6. பதினோராவது வாரம், மகனுக்கு வேலை போன வாரம், 17. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று கை போனது. கிழிக்காதீர்கள். நோட்டு இல்லாவிட்டால் நான் மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிட்டதாக நினைத்திருப்பேன். முதல் வாரம் எனக்கு விழுந்ததே உறைக்கவில்லை; பதினோராவது வாரத்தில் ஒவ்வொரு புள்ளியும் உறைத்தது. (ஒருமுறை நான்கு வாரப் புள்ளிகளை வரிசையாக வைத்து நம்பராக எழுதலாமே என்று தோன்றியது. அதற்கும் ஒரு புள்ளி போட்டேன்.)

இனி விழுந்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம். மற்ற எதையும்விட இதில் கவனம் வேண்டும். புதன்கிழமை விழுந்தால், "இந்த வாரம் கெட்டது கெட்டதுதான், திங்களிலிருந்து பார்ப்போம்" என்று சனியும் ஞாயிறும் சேர்த்து எழுதுவது என் வழக்கமாக இருந்தது. தையல் கோணினால் அங்கேயே பிரிப்பேன். பாவாடை முழுவதும் கோணலாகத் தைத்து முடித்துவிட்டுப் பிரிக்கமாட்டேன். இந்தப் புத்தி ஆத்துமாவுக்கு வர இவ்வளவு காலம் ஆயிற்று. விழுந்த இடத்திலேயே, பாவத்துக்கு வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லுங்கள், படிக்கட்டானாலும் சரி. சீட்டைக் கிழிக்கச் சொல்லமாட்டேன்; கிழித்தால், அதற்குப் பரிசு விழுந்துவிடுமோ என்று இரவெல்லாம் தூக்கம் வராது. வீட்டில் ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். நான் மருமகளிடம் கொடுக்கிறேன்.

பிறகு பாவசங்கீர்த்தனம். நான் போவது ஓஃபிர் சாலை லூர்து மாதா கோயிலுக்கு, 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டி முடித்த கோயில். வெட்கத்தினால் சில காலம் ஒவ்வொரு பங்குக் கோயிலாகப் போய், தெரியாத குருக்களிடம் ஒவ்வொரு முறையும் புது ஆள் போலச் சொல்லிவந்தேன். அது வேண்டாம். ஒரே குருவிடம் போங்கள். "அதே பாவம்தான் ஃபாதர்" என்று அதையே முதலில் சொல்லுங்கள். கோபப்பட்டதற்கும் பராக்காகச் செபித்ததற்கும் நடுவில் செருகாதீர்கள்.

"இனிச் செய்யமாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேனே, நான் கடவுளிடமே பொய் சொல்கிறேனா?" என்று என் குருவிடம் கேட்டேன். "நாளைக்கு என்ன நடக்கும் என்று உங்களை ஆரூடம் சொல்லச் சொல்லவில்லை அம்மா. இப்போது மனதார விட விரும்புகிறீர்களா? அதுதான் கேள்வி" என்றார். கடவுள் மன்னிப்பதில் சலிப்பதில்லை, கேட்பதில் நாம்தான் சலித்துப்போகிறோம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2013 மார்ச் 17 அன்று சொன்னார். 2024 செப்டம்பர் 12 அன்று இங்கே தேசிய விளையாட்டரங்கில் அவர் பூசை வைத்தபோது, நான் இருந்த இடத்திலிருந்து வெள்ளையாக ஒரு புள்ளி அளவுதான் தெரிந்தார்.

செபமாலை கையில் கல்லாக இருக்கும் நாள்கள் வரும். அப்போது எந்த முடிவையும் மாற்றாதீர்கள். கடன் ஏறிவிட்டதென்றால் செபத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் 1800-6-668-668 எண்ணுக்கும் அழையுங்கள். சூதாட்டப் பழக்கத்தில் சிக்கியவர்களுக்கான தேசிய உதவி எண் அது.

நேற்று புதன்கிழமை. மலாய் அக்கா பணப்பையைத் திருப்பித் தந்தார், நம்பர் வாங்கவில்லை. ஆனாலும் கீழ்க்கோட்டில் இரண்டு புள்ளிகள். ஒன்று, சாப்பிடும்போது கைப்பேசியில் முடிவு பார்த்ததற்கு. மற்றொன்று, என்ன பார்க்கிறீர்கள் அத்தை என்று மருமகள் கேட்டதும், மழை வருமா என்று பார்க்கிறேன் என்றேனே, அதற்கு. சனிக்கிழமை அந்த இரண்டாவதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.