நிறம் வேறு, காப்பு வேறு: மர பாலிஷில் நடக்கும் தவறுகள்

குமரி மாவட்டத்தில் குழித்துறைப் பக்கம் எங்கள் பழைய வீட்டின் முன்கதவு பலாமரம். அப்பா காலத்தில் அரக்கு பாலிஷ் போட்டது. மங்கிப்போயிருந்ததால், 'தேக்கு நிறம்' என்று எழுதிய டின் ஒன்றைக் கடைக்காரர் சொல்படி வாங்கி இரண்டு கோட் அடித்தோம். அடுத்த இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் கதவின் கீழ்ப்பாதி திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. டின்னில் இருந்தது வெறும் ஸ்டெயின். பழைய அரக்குப் படலத்தைச் சுரண்டாததால் அது மரத்துக்குள் இறங்கவே இல்லை. மேலே மழையைத் தடுக்கவும் எதுவும் இல்லை.

நிறம் கொடுப்பது ஸ்டெயினின் வேலை. தண்ணீரும் கைபடும் அழுக்கும் மரத்தைத் தொடாமல் காப்பது அதன்மேல் போடும் கிளியர் (நிறமற்ற) பூச்சின் வேலை. ஒன்றை வாங்கிவிட்டு இரண்டையும் வாங்கியதாக நினைப்பதிலிருந்துதான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன.

ஸ்டெயினிலும் இரண்டு குணம் உண்டு. நிறமித் துகள் கலந்த வகை மரத்தின் துளைகளிலும் உப்புத்தாள் கீறல்களிலும் போய் உட்காரும். வெயிலைத் தாங்கும். ஆனால் கனமாகப் போட்டால் ரேகையை மறைத்துவிடும். கரையும் சாய வகை நாருக்குள் இறங்கி ரேகையைத் துலக்கிக் காட்டும், வெயிலில் வெளுக்கும். மேற்கு பார்த்த முன்கதவுக்குச் சாய வகை வேண்டாம். நிறமி ஸ்டெயினைப் பூசிய சில நிமிடங்களில் மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். நிறம் கூடட்டும் என்று அப்படியே விட்டால் அது பசைபோல மேலே தங்கும். பிறகு போடும் பூச்சு அதோடு சேர்ந்து உரிந்து வரும்.

உப்புத்தாளை ரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே விழுந்த கீறல் வெறும் மரத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஸ்டெயின் பட்டதும் கோடு கோடாகக் கறுத்து நிற்கும். தாளின் சொரசொரப்பைச் சொல்லும் எண்ணில் 120, 180, 220 என்று படிப்படியாகப் போய் 220-இல் நிறுத்தலாம். அதற்கும் மேல் வழவழப்பாக்கினால் மரம் நிறத்தைக் குடிக்காது.

எங்கள் பகுதிக்கே உரிய தவறு ஒன்று உண்டு. பழைய ஓட்டு வீடுகளின் நெல் பத்தாயத்தையும் கதவையும் பார்த்தவர்களுக்குப் பலாவின் அந்த ஆழ்ந்த செந்தவிட்டு நிறம் மனதில் நிற்கும். புதிதாக அறுத்த பலாப் பலகையோ மஞ்சளாக இருக்கும். உடனே, பழையதோடு பொருந்த வேண்டும் என்று அடர்ந்த ஸ்டெயின் அடித்துவிடுகிறார்கள். பலாவின் மஞ்சள் அதன் வைரத்திலேயே (உள்கட்டையிலேயே) ஊறிய சாயம். தென்கிழக்கு ஆசிய நாடுகளில் புத்த பிக்குகளின் ஆடைக்கு நிறமேற்றப் பலாக் கட்டையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெளிச்சம் படப்பட அது தானாகவே தவிட்டு நிறத்துக்கு மாறும். இன்று பொருந்தும்படி ஸ்டெயின் போட்ட பலகை, சில ஆண்டுகளில் பழையதைவிடக் கறுத்துத் தனித்துத் தெரியும். நல்ல பலாவுக்கு ஸ்டெயினே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கிளியர் பூச்சைப் போட்டுவிட்டுப் பொறுத்திருங்கள்.

மற்ற மரங்களுக்கு ஸ்டெயின் வாங்கும்போது கடையின் நிற அட்டையை நம்பி முடிவெடுக்காதீர்கள். அதே மரத்தின் துண்டில் ஸ்டெயினைப் பூசி, அதன்மேல் கிளியரும் போட்டுப் பார்த்தால்தான் உண்மையான நிறம் தெரியும். பைன் போன்ற மென்மரம் நிறத்தை ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் குடித்துத் திட்டாகும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. பூச்சுக்குச் சற்றுமுன் தின்னர் தொட்ட துணியால் துடைக்காவிட்டால் பிடிப்பு குறையும்.

கிளியர் பூச்சுகளில் எது உயர்ந்தது என்று கேட்பவர்களிடம், மரச்சாமான் எங்கே இருக்கப்போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு பாலிஷ் அழகானது. கீறல் விழுந்தால் மேலே இன்னொரு கை ஓட்டினால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். ஆனால் சூடான தேநீர்க் குவளையின் வட்டம் அதில் வெள்ளையாகப் பதியும். சாமி அலமாரிக்கு ஏற்றது. சாப்பாட்டு மேசைக்கு ஆகாது. மெலமைன் என்ற பூச்சு கடினமானது, வீட்டுக்குள் நன்றாக உழைக்கும், வெளியே போடக்கூடாது. தண்ணீரை நன்றாகத் தாங்குவது ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்). கலந்ததைச் சில மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைக்க முடியாது. அந்த ஹார்டனர் மூச்சுக்குழாயைப் பாதிக்கக்கூடியது. ஸ்பிரே செய்பவர் அதற்குரிய முகமூடி இல்லாமல் வேலை செய்ய வீட்டுக்காரர்கள் சம்மதிக்கவே கூடாது. வெயில் படும் கதவுக்குப் புறஊதாக் கதிர் தடுப்புள்ள, வெளிப்புறத்துக்கென்றே சொல்லப்பட்ட பூச்சாகக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் இது. அந்த மழை மாதங்களில் கிரகப்பிரவேச நாள் நெருங்குகிறது என்று அவசரமாகப் பாலிஷ் அடிப்பதுதான் மிகப் பெரிய தவறு. லாக்கர் என்ற, வேகமாக உலரும் கிளியர் பூச்சு உலரும்போது மரத்தின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படியும். பூச்சு பால்போல வெளுக்கும். பியூவின் ஹார்டனர் ஈரத்தோடு சேர்ந்தால் குமிழி கிளம்பும். மரமே ஈரமாக இருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது. வீட்டுக்குள் இருக்கும் மரத்தில் ஈரம் 12 சதவீத அளவில் இருப்பது நல்லது. ஈரமானி உள்ள ஆசாரியிடம் அளக்கச் சொல்லுங்கள்.

கதவைக் கழற்றாமல் முன்னும் பின்னும் மட்டும் பாலிஷ் அடிப்பதை எல்லா ஊரிலும் பார்க்கிறேன். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் வெறுமையாகவே இருக்கும். நாரின் வெட்டுமுகங்களில் பல அங்கேதான் இருக்கின்றன. முகப்பைவிடப் பல மடங்கு வேகமாக ஈரத்தை உறிஞ்சும் இடம் அது. மழையில் கதவு உப்பி நிலையில் இடிக்கும், ஆசாரி வந்து இழைப்பார், இழைத்த இடம் மறுபடி வெறுமையாகும். எங்கள் கதவை இம்முறை கீல் கழற்றிப் படுக்க வைத்து, பழைய படலத்தைச் சுரண்டி, ஆறு பக்கமும் பூசினோம். விளிம்புகளுக்கு மட்டும் ஒரு கோட் கூடுதல்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள், பூசிய துணியைக் கவனிக்க வேண்டும். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு உண்டாகும். சுருட்டிப் போட்ட துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல், யாரும் பற்றவைக்காமலே அது தீப்பிடிக்கக்கூடும். வேலை முடிந்ததும் வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள். அல்லது தண்ணீர் நிறைந்த மூடியுள்ள டின்னில் அமிழ்த்துங்கள். மரத்தூள் கிடக்கும் மூலையில் ஓர் இரவுகூட வைக்காதீர்கள்.