லேத் பட்டறைக்கு எர்த் போடுவது எப்படி? குழி தோண்டும் முன் ஒரு கணக்கு

நாலு லேத் ஓடும் சிறு பட்டறை, மின்வாரியத்தின் மூன்று ஃபேஸ் எல்டி (குறைந்த அழுத்த) இணைப்பு, ஒவ்வொரு லேத்துக்கும் 3 ஹெச்பி மோட்டார், 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்). இதற்கு எர்த் போடும் முறை இது. உரிமம் பெற்ற மின்பணியாளர் செய்ய வேண்டிய வேலை. உரிமையாளர் பக்கத்தில் நின்று சரிபார்க்க இது உதவும்.

முதலில் கணக்கு. எர்த் குழியில் (பிட்) 40 மிமீ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை 2.5 மீட்டர் ஆழத்துக்கு இறக்கினால், 50 ஓம்-மீட்டர் தடையுள்ள ஈர மண்ணில் கிடைப்பது சுமார் 17 ஓம். ஃபேஸ் வயர் உரசி லேத் பாடியைத் தொட்டால் 230 ÷ 17, அதாவது 13.5 ஆம்பியருக்கு மேல் ஓடாது. 16 ஆம்பியர் எம்சிபி இதைச் சாதாரண லோடு என்றே நினைத்துக்கொண்டு ட்ரிப் ஆகாமல் இருக்கும். பாடியில் உயிரைப் பறிக்கும் வோல்டேஜ் நிற்கும். "பிட் போட்டாச்சு, பயமில்லை" என்ற நம்பிக்கை உடைவது இங்கேதான். கரியும் உப்பும் தடையைக் கொஞ்சம் இறக்கும். எம்சிபியை விழவைக்கும் அளவுக்கு இறக்காது. ஆகவே கோளாறு கரண்ட் மண் வழியாக மட்டுமே திரும்பும் இந்த வகை இணைப்பில், பிட்டோடு ஆர்சிசிபியும் (மண்ணுக்குக் கசியும் கரண்டைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம்.

படி 1: பிட்

சுவரிலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளி இடம் பாருங்கள். அடியில் கேபிள், தண்ணீர்க் குழாய் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். மண் உதிரும் இடத்தில் ஆளை இறக்கித் தோண்டாமல் ஆகர் வைத்துத் துளையிடுங்கள். பைப் ஒட்டில்லாமல் ஒரே துண்டாக இருக்கட்டும். கீழ்ப்பாதியில் 12 மிமீ துளைகள் வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் மாறி மாறி. உப்பை அள்ளிக் கொட்டாதீர்கள், ஜிஐ பைப்பையே அது தின்றுவிடும். மேலே தண்ணீர் ஊற்றப் புனல், அதைச் சுற்றி மூடியுள்ள சிறு செங்கல் தொட்டி.

இதேபோல் இரண்டாவது பிட், முதலாவதிலிருந்து 5 மீட்டர் தள்ளி. நெருக்கமாகப் போட்டால் இரண்டும் ஒரே மண்ணைப் பங்குபோடும், பலன் குறையும். இரண்டையும் 25×3 மிமீ ஜிஐ பட்டையால் இணைத்து எர்த் பஸ்ஸுக்கு (எல்லா எர்த் வயரும் வந்து சேரும் உலோகப் பட்டை) கொண்டுவாருங்கள்.

சிஎன்சி (கணினி இயக்கும் மெஷின்) வாங்கினால் "மெஷினுக்குத் தனி பிட்" என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் அதைப் பட்டறையின் எர்த் பஸ்ஸோடு இணைக்காமல் விட்டால், ஒரு கோளாறின்போது அந்த மெஷினுக்கும் பக்கத்து லேத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கும். இரண்டிலும் கைவைப்பவர் கதி என்ன?

படி 2: மெஷினுக்கு வயர்

ஃபேஸ் வயர் 4 சதுர மிமீ செம்பு என்றால் எர்த்தும் 4 சதுர மிமீ. மோட்டார் பாடிக்குத் தனித்தனியாக இரண்டு எர்த் வேண்டும் என்பது விதி. ஒரு லேத்திலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிக் கொண்டுபோகாதீர்கள். நடுவில் ஒன்றைப் பழுதுக்குக் கழற்றினால் அதற்குப் பின்னால் உள்ளவை அத்தனையும் எர்த் இல்லாமல் ஓடும்.

அதிகம் கோளாறு வருவது லக் (வயர் முனையில் பொருத்தும் உலோகத் துண்டு) உட்காரும் இடத்தில். பெயிண்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். எமரித் தாளால் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, கிரிம்ப் செய்த லக், ஸ்டார் வாஷர், போல்ட் என்று வைத்து இறுக்குங்கள். கடைசியாக மேலே பெட்ரோலியம் ஜெல்லி. கூலன்ட் தெறிக்கும் இடத்தில் இது இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். கூலன்ட் பம்ப், லேத் விளக்கு இரண்டையும் மறக்கவேண்டாம்.

படி 3: ஆர்சிசிபி

ஒவ்வொரு லேத்துக்கும் நாலு போல் (மூன்று ஃபேஸும் நியூட்ரலும்), 100 மில்லி ஆம்பியர். கைக்கருவி சாக்கெட்டுகளுக்கு 30 மில்லி ஆம்பியர். இப்போது அதே 17 ஓம் போதும்: 0.1 × 17 = 1.7 வோல்ட் எழும்போதே கசிவைக் கண்டு விழும். ஓவர்லோடை இது பார்க்காது, எம்சிபி தொடர வேண்டும். விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ்) உள்ள லேத்தில் ஆர்சிசிபி காரணமின்றி விழுவதுபோலத் தெரியும். டிரைவின் கையேட்டில் சொன்ன வகையைப் போடுங்கள், ஆர்சிசிபியைக் கழற்றிவிடாதீர்கள்.

படி 4: அளவு

மெயினை அணைத்தபின் பிட்டின் இணைப்பைக் கழற்றி எர்த் டெஸ்டரால் அளக்க வேண்டும். டெஸ்டரின் இரண்டு கம்பிகளை மண்ணில் அடியுங்கள்: பிட்டிலிருந்து கரண்ட் கம்பி 30 மீட்டரில், வோல்டேஜ் கம்பி 18.5 மீட்டரில். பிறகு வோல்டேஜ் கம்பியை 15.5, 21.5 மீட்டருக்கு நகர்த்திப் பாருங்கள்; மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தால்தான் அந்த அளவு நம்பத்தக்கது. கோடையில் காய்ந்த மண்ணில் ஒருமுறை அளப்பது நல்லது. மழைக்காலத்து எண் நம்மை ஏமாற்றும்.

பிறகு பஸ்ஸிலிருந்து லேத் பாடிவரை உள்ள எர்த் வயரின் தடை. 20 மீட்டர் 4 சதுர மிமீ வயருக்கு 0.1 ஓம் அளவில் வரவேண்டும். 1 ஓம் காட்டினால் எங்கோ ஒரு லக் தளர்ந்திருக்கிறது.

ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அது கருவி வேலைசெய்கிறதா என்று மட்டுமே சொல்லும். எர்த் வயர் அறுந்து கிடந்தாலும் பட்டனை அழுத்தினால் விழத்தான் செய்யும்.

எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு நியூட்ரலிலிருந்தே பாடிக்கு ஒரு துண்டு வயர் போடும் வழக்கம் உண்டு. பஸ்ஸை மூடும் முன் அப்படி எங்காவது இருக்கிறதா என்று தேடிக் கழற்றிவிடுங்கள். வெளியே நியூட்ரல் அறுந்தால், அந்தத் துண்டு வழியாக 230 வோல்ட் நேராக லேத் கைப்பிடிக்கு வரும்.