முதலில் கையெழுத்தைப் பாருங்கள்: கலிபோர்னியாவில் அப்போஸ்டில் வாங்குவது எப்படி

அப்பா கலிபோர்னியாவில் என் வீட்டில்தான் காலமானார். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். ஆனாலும் கும்பகோணத்துப் பக்கம் ஒன்றரை ஏக்கர் நஞ்சையும் ஒரு வைப்புத் தொகையும் அவர் பெயரிலேயே இருந்தன. காரியம் முடிந்த மறுவாரம் ஊரிலிருந்து தம்பி கூப்பிட்டான். "அக்கா, நீ அனுப்பிய இறப்புச் சான்றிதழை வங்கியில் ஏற்க மாட்டேன் என்கிறார்கள். அப்போஸ்டில் வேண்டுமாம்."

ஒரு முத்திரைதானே என்று நினைத்தேன். கையில் இருந்த சான்றிதழை உறையில் போட்டு, 20 டாலர் காசோலையையும் வைத்து, மாநிலச் செயலர் அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அது அப்படியே திரும்பி வந்தது. தவறு என்னுடையதுதான். எந்தக் கையெழுத்தை அனுப்புகிறேன் என்று நான் பார்க்கவே இல்லை.

ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்பதற்காக, 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தின்படி தரப்படும் சான்றுதான் அப்போஸ்டில். அந்த ஒப்பந்தம் அமெரிக்காவில் 1981 முதலும் இந்தியாவில் 2005 முதலும் நடைமுறையில் இருக்கிறது. சான்றிதழில் எழுதியிருப்பது உண்மையா என்று அது சொல்வதில்லை. 'இந்தக் கையெழுத்து இந்தப் பதவியில் உள்ள இன்னாருடையது, இந்த முத்திரை மெய்யானது' என்று மட்டுமே சொல்கிறது. மாநில அலுவலகத்தில் அதிகாரிகளின் மாதிரிக் கையெழுத்துகளை வைத்திருப்பார்கள். உங்கள் தாளில் இருப்பது அவற்றில் ஒன்றாக இருந்தால் வேலை முடியும். இல்லையென்றால் உறை திரும்பும்.

கலிபோர்னியாவில் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். சமீபத்தில் நிகழ்ந்த பிறப்புக்கும் இறப்புக்கும் பல கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) பொதுச் சுகாதாரத் துறைதான் சான்றிதழ் தருகிறது. இறுதிச் சடங்கு நிறுவனம் வாங்கித் தரும் நகல்களும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகின்றன. அதில் கையெழுத்திட்டிருப்பவர் கவுண்டியின் சுகாதார அதிகாரி. கவுண்டியின் ஆவணங்களைக் கவனிக்கும் அதிகாரிகளான கிளார்க், ரெக்கார்டர், அவர்களுடைய உதவியாளர்கள், மாநிலப் பதிவாளர், நோட்டரி ஆகியோரின் கையெழுத்து மாநில அலுவலகத்துக்குத் தெரியும். சுகாதார அதிகாரியின் கையெழுத்து தெரியாது.

ஆகவே சான்றிதழின் அடிப்பகுதியில் யாருடைய பதவி அச்சாகியிருக்கிறது என்று முதலில் படியுங்கள். சுகாதார அதிகாரி என்று இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. அதே கவுண்டியின் கிளார்க்கிடம் போய், 'இது அந்த அதிகாரியின் கையெழுத்தே' என்று உறுதிப்படுத்தும் தாளை இணைத்து வாங்கலாம். அல்லது கிளார்க்-ரெக்கார்டர் அலுவலகத்திலோ மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையிலோ புதிய நகல் கேட்கலாம். நான் முதல் வழியில் போனேன். அரை மணி நேரத்தில் முடிந்தது. திருமணச் சான்றிதழை கவுண்டியின் கிளார்க்கோ ரெக்கார்டரோ தந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

புதிய நகல் கேட்கும்போது 'அங்கீகரிக்கப்பட்ட நகல்' என்று அழுத்திச் சொல்லுங்கள். தகவலுக்கான நகல் என்று இன்னொன்று உண்டு. அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று அதன் மேலேயே அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் நம் ஊர் வங்கி மேலாளரின் முகம் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கீகரிக்கப்பட்ட நகலுக்கு, நீங்கள் இறந்தவரின் பிள்ளை, துணைவர் என்பது போன்ற உறவை உறுதிமொழியாக எழுதித் தர வேண்டும். அஞ்சலில் விண்ணப்பித்தால் அந்த உறுதிமொழிக்கு நோட்டரியும் தேவை. சான்றிதழை நகலெடுத்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்களின் நகலுக்குச் சான்றளிக்க கலிபோர்னியா நோட்டரிக்கு அதிகாரம் இல்லை.

இரண்டாம் முறை அஞ்சலை நம்பாமல் நேரிலேயே போனேன். சாக்ரமெண்டோவில் பதினோராம் தெருவில் அந்த அலுவலகம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஒன்று உண்டு. ஒரு அப்போஸ்டிலுக்கு 20 டாலர். நேரில் கொடுத்தால், தாள்களில் எத்தனை வெவ்வேறு அதிகாரிகளின் கையெழுத்து இருக்கிறதோ அத்தனைக்கும் தலா 6 டாலர் கூடுதல். என்னிடம் இருந்தவை கிளார்க் கையெழுத்திட்ட இரண்டு இறப்புச் சான்றிதழ்களும், தம்பிக்கு நான் எழுதிய பவர் பத்திரம் ஒன்றும். மொத்தம் 72 டாலர். எந்த நாட்டுக்கு என்று கேட்பார்கள். இந்தியா என்று எழுதுங்கள். அதற்கு மேல் இந்தியத் தூதரகத்தின் முத்திரை தேவையில்லை. தேவை என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவர்களை நம்ப வேண்டாம். வேறு மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் என்றால் அந்த மாநிலத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். டெக்சாஸ் தாளுக்கு சாக்ரமெண்டோவில் வேலை இல்லை.

பவர் பத்திரத்துக்கு நோட்டரியின் கையெழுத்தே போதும், கவுண்டி கிளார்க் வேண்டியதில்லை. நோட்டரி தன் பதிவேட்டில் வலது கட்டைவிரல் ரேகை கேட்பார். பவர் பத்திரத்துக்கு அது சட்டப்படி கட்டாயம். பத்திரம் இந்தியாவைச் சேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். வந்த நாளுக்குச் சான்றாக, தம்பி அந்த அஞ்சல் உறையைக்கூட பத்திரமாக வைத்திருக்கிறான்.

எல்லாம் கிடைத்த பிறகும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. பட்டாவில் அப்பாவின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்துதான் இருக்கும். அமெரிக்கச் சான்றிதழில் அந்த எழுத்து தாத்தாவின் முழுப் பெயராக விரிந்து, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. அப்போஸ்டில் இதைச் சரிசெய்யாது. இரண்டு பெயரும் ஒருவரே என்று தம்பி ஊரில் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தான்; அப்பாவின் பழைய இந்தியக் கடவுச்சீட்டு துணை நின்றது. எழுத்துப் பிழை என்றால் கதை வேறு. சான்றிதழில் திருத்தம் கேட்டு, திருத்திய நகல் வாங்கி, அதற்குப் புதிதாக அப்போஸ்டில் பெற வேண்டும். அதனால் இறுதிச் சடங்கு நிறுவனம் விவரங்களைச் சரிபார்க்கச் சொல்லிக் காட்டும் தாளை, எவ்வளவு துக்கத்தில் இருந்தாலும், எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள். எனக்கு அன்று கண்ணே தெரியவில்லை. என் கணவர்தான் படித்தார்.

சான்றிதழோடு அப்போஸ்டில் தாளை இணைத்திருக்கும் ஸ்டேப்ளர் பின்னை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள். லேமினேஷனும் வேண்டாம். தாள்கள் கைக்குக் கிடைத்த அன்று தம்பி கூப்பிட்டான். "ஜெராக்ஸ் கடைக்காரர் நகல் எடுக்கப் பின்னைக் கழற்றப் போனார் அக்கா. நான் அவர் கையையே பிடித்துவிட்டேன்."