குறைந்த தண்ணீரில் கார் கழுவும்போது பெயிண்ட்டைக் கீறிவிடும் தவறுகள்

இலங்கை மலையகம் என்றாலே தண்ணீருக்குக் குறைவில்லை என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து லயங்களில் பீலி மெலிந்து, குடங்கள் வரிசையில் நிற்பது நமக்குத்தான் தெரியும். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது பதுளை, பண்டாரவளைப் பக்கமும் அதே பாடுதான். அந்த நாட்களில் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவினால் 100 லீட்டர் சுலபமாகப் போய்விடும். ஒரு வாளித் தண்ணீரில், சில சமயம் அதுகூட இல்லாமல், வேலையை முடிக்க வழி இருக்கிறது. ஆனால் அதைத் தப்பாகச் செய்தால் பெயிண்ட் பாழாகும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திரும்பத் திறந்தது. பழைய காரையே பேணி ஓட்டும் நமக்கு, கம்பனி பெயிண்ட் கலையாமல் இருப்பது விற்கும்போது பெரிய காசு.

கீறல் விழுவது தண்ணீர் குறைவதால் அல்ல, மண் துகளைப் பெயிண்ட்டின் மேல் அழுத்தி இழுப்பதால். நம் மலை மண்ணில் குவார்ட்ஸ் துகள் கலந்திருக்கிறது. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அதன் எண் 7, கத்தி இரும்பையே கீறக்கூடியது. காரின் நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரோன்தான். கடதாசித் தாள் ஒன்றின் பாதித் தடிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா அழுக்கையும் ஒன்றாக நினைப்பதுதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். தார் ரோட்டில் ஓடிய காரில் படிந்த மெல்லிய தூசி வேறு, தோட்டத்து ரோட்டில் ஏறி இறங்கி அப்பிக்கொண்ட செம்மண் வேறு. தண்ணீரே ஊற்றாமல் திரவம் தெளித்துத் துடைக்கும் முறை தூசிக்கு மட்டும். சேற்றில் அதைச் செய்யவே கூடாது. சேறு இருந்தால் அது ஊறி, தானாக வழிந்து இறங்க வேண்டும். தகரக் கூரையிலிருந்து பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீர் கொஞ்சம் இருந்தால் பூவாளியால் ஊற்றி ஊறவிடுங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி ஊற்றுங்கள். அதற்கும் தண்ணீர் இல்லையா? மழை வரும்வரை கார் அழுக்காகவே நிற்கட்டும். சும்மா படிந்திருக்கும் சேறு கீறாது, தேய்க்கும் கைதான் கீறுகிறது. பறவை எச்சத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது பெயிண்ட்டை அரிக்கும். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் அப்படியே தூக்கி எடுங்கள்.

அடுத்தது, மலையில் நாம் தினமும் பார்ப்பது. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் விடிகாலையில் கார் முழுக்கப் பனித்துளி. “அதுதான் ஈரமாக இருக்கிறதே” என்று டிரைவர்மார் பழைய துணியை எடுத்து ஒரே இழுப்பில் துடைத்துவிடுகிறார்கள். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் அந்தத் துளி மண்ணை மிதக்கவைக்கப் போதாது, வழுக்கும் தன்மையும் அதற்கு இல்லை. இரவெல்லாம் படிந்த தூசி அதில் குழைந்து துணியோடு சேர்ந்து உரசுகிறது. இதைத் தினமும் செய்தால் சில மாதங்களில் கறுப்புக் காரின் பொனட்டில் வெயில் படும்போது வட்ட வட்டமாகக் கோடுகள் மின்னும். அவசரத்துக்குக் கண்ணாடிகளை மட்டும் துடைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

குறைந்த தண்ணீரில் கழுவ வேண்டுமென்றால் அதற்கென்றே வரும் ரின்ஸ்லெஸ் வாஷ் திரவம் வேண்டும். அதிலுள்ள பொலிமர் அழுக்கைச் சூழ்ந்துகொண்டு, துணிக்கும் பெயிண்ட்டுக்கும் நடுவில் வழுக்கலைக் கொடுக்கிறது. திரும்ப அலசவும் தேவையில்லை. போத்தலில் போட்டிருக்கும் அளவிலேயே கலக்குங்கள், கூட ஊற்றினால் திட்டுத் திட்டாகப் படியும். சோப் பவுடரும் பாத்திரம் கழுவும் திரவமும் இதற்கு ஈடாகாது. அவற்றை அலசி எடுக்கவே நிறையத் தண்ணீர் வேண்டும், போட்ட வேக்ஸையும் உரித்துவிடும். மண்ணெண்ணெய், டீசல் தொட்டுத் துடைப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பளபளப்பு கொஞ்ச நேரம்தான், அந்த எண்ணெய்ப் பசையில் தூசி மறுபடி வந்து ஒட்டும்.

திரவம் தெளிக்க, களைக்கொல்லி அடித்த டேங்கியைக் கழுவி எடுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் மருந்து மிச்சம் இருக்கும், அது உங்கள் கையிலும் முகத்திலும் படும். புதிதாக ஒரு சின்னக் கைப்பம்ப் போத்தல் போதும்.

இனித் துணி. பழைய சாரம், பனியன் துணி, ஸ்பொஞ்ச் எதுவும் சரிவராது. மண்ணை உள்ளே வாங்கிக்கொள்ள அவற்றில் இடமில்லை, மேலேயே வைத்துத் தேய்க்கும். நல்ல தடிப்பான மைக்ரோபைபர் துணி ஆறு, ஏழு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே துணியால் முழுக் காரையும் முடிப்பதுதான் பலர் செய்யும் பிழை. நாலாக மடித்தால் ஒரு துணியில் எட்டு முகம் கிடைக்கும். முதலில் ஒரு கதவளவு இடத்துக்குத் திரவம் தெளித்து ஒரு நிமிடம் விடுங்கள். அப்புறம், துணியின் பாரமே போதும் என்ற அளவில், அழுத்தாமல் ஒரே திசையில் இழுங்கள். இழுத்ததும் முகத்தை மாற்றுங்கள். அழுக்கான துணியைத் திரவம் கலந்த வாளிக்குள் திரும்பப் போடாதீர்கள். கீழே விழுந்த துணியை உதறிவிட்டு எடுத்துக்கொள்வதும் வேண்டாம், அன்றைக்கு அது ரிம்முக்குத்தான்.

கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். கதவின் அடிப்பாகம், மட்கார்ட் ஓரம், பின் பம்பர் எல்லாம் கடைசியில், தனித் துணியால். மேலே குளிராக இருந்தாலும் உச்சி வெயிலில் பொனட் சுடும். தெளித்தது துடைக்கும் முன்பே காய்ந்துவிடும், அதனால் காலை அல்லது பின்னேரம், நிழலில்.

துணிகளை மற்ற உடுப்புகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். வாசனைக்காக ஊற்றும் சொஃப்ட்னர் வேண்டாம், அது நூலை அடைத்துவிடும். வேலியிலும் தேயிலைச் செடி மேலும் காயப்போட்டால் சுள்ளியும் இலைத்தூளும் ஒட்டிக்கொள்ளும், கயிறுதான் நல்லது.

ஏற்கெனவே கோடு விழுந்த காருக்கு கட் பொலிஷ் பண்ணலாம். ஆனால் அது கீறலை நிரப்புவதில்லை, சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்துச் சமப்படுத்துகிறது. ஒவ்வொரு சேர்விஸுக்கும் கட் பொலிஷ் போடச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.