தொழில்நுட்ப எழுத்தாளரின் வளர்ச்சியைத் தடுக்கும் தவறுகள்

ஒரு மென்பொருளில் கை தேர்ந்துவிட்டால் தொழிலிலேயே தேர்ந்துவிட்டதாக எண்ணிக்கொள்வது, பயனர் கையேடுகளும் உதவிப் பக்கங்களும் எழுதுவோரிடம் பரவலாகக் காணப்படும் தவறு. ஆவணங்களைச் சிறு பகுதிகளாகப் பிரித்து எழுதுவதற்காக ஐபிஎம் நிறுவனத்தில் உருவான டிட்டா என்னும் கட்டமைப்பு, 2005ஆம் ஆண்டில் தரநிலைகளை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பின் தரநிலையாக வெளிவந்தது. அதன் குறியீடுகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், பின்னாளில் எளிய குறிகளைக் கொண்டு எழுதும் மார்க்டவுன் முறையும், கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியும் அலுவலகத்துக்குள் வந்தபோது திகைத்து நின்றார்கள். செய்முறையையும் விளக்கத்தையும் தகவல் பட்டியலையும் ஏன் தனித்தனியே பிரிக்க வேண்டும் என்று அதன் வழியே புரிந்துகொண்டவர்களுக்கோ, புதிய கருவி சில வாரப் பழக்கமாகவே இருந்தது.

அலுவலகத்தில் எழுதிய ஆவணங்களைத் தம் திறமைக்குச் சான்றாக வெளியே காட்டுவது அடுத்த தவறு. அவை பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமை என்பதால், அனுமதியின்றிக் காட்டுபவரை வேலை தருபவர் நம்பத் தயங்குவார். எவரும் பார்க்கக்கூடிய எழுத்து வேண்டுமென்றால், எவரும் பார்த்துத் திருத்தம் அனுப்பக்கூடிய திறந்த மூல மென்பொருள் திட்டங்களின் ஆவணங்களில் பங்களிப்பதே நேரான வழி.

ஆனால் அங்கே நுழையும் விதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வந்த முதல் வாரத்திலேயே கையேடு முழுவதையும் திருத்தி எழுதி அனுப்புவார்கள். அதைப் பராமரிப்பவர்களோ பெரும்பாலும் ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலர்கள். நூற்றுக்கணக்கான வரிகளைச் சரிபார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது. தலைப்பை அழகுபடுத்த மாற்றினால், அத்தலைப்பிலிருந்து தானாக உருவாகும் இணைப்பு முகவரியும் மாறி, வேறு பக்கங்களிலிருந்து வருபவர் சரியான இடத்தை அடைய முடியாமல் போவதும் உண்டு. நல்ல நோக்கத்தோடு அனுப்பிய திருத்தம் மாதக்கணக்கில் பதிலின்றிக் கிடக்க, அனுப்பியவர் மனம் நொந்து விலகிவிடுகிறார்.

மாறாக, எதுவும் நிறுவப்படாத கணினி ஒன்றில் கையேட்டின் படிகளை வரிசையாகச் செய்து பாருங்கள். "அமைப்புக் கோப்பில் போர்ட் எண்ணை மாற்றிச் சேமிக்கவும்" என்பதோடு ஒரு படி முடிந்திருக்கும் (போர்ட் என்பது மென்பொருள் பிற கணினிகளின் இணைப்பை ஏற்கும் வாயில்). மாற்றம் நடைமுறைக்கு வர, பின்னணியில் இயங்கும் அந்த மென்பொருள் சேவையை நிறுத்தித் தொடங்க வேண்டும் என்பது விடுபட்டிருக்கும். எண்ணை மாற்றியும் பழைய போர்ட்டே இயங்குவதைக் காணும் புதியவர், பிழை தன்னுடையது என்று நினைத்து அரை நாளைத் தொலைப்பார். "சேமித்த பின் சேவையை மறுபடி தொடங்கவும்" என்னும் ஒரே வரியைச் சேர்த்து, எந்த இயங்குதளத்தில் சோதித்தீர்கள் என்ற குறிப்போடு அனுப்பினால், பராமரிப்பவர் சில நிமிடங்களில் ஏற்க முடியும். அத்தகைய ஐந்தாறு திருத்தங்களுக்குப் பிறகு, பெரிய மாற்றம் பற்றி நீங்கள் பேசும்போது காது கொடுத்துக் கேட்பார்கள்.

சங்கத்தில் உறுப்பினராவதையே பங்கேற்பாகக் கருதுவதும் தவறு. 1953இல் வேர்கொண்ட அமெரிக்காவின் தொழில்நுட்பத் தொடர்பாடல் சங்கம், 70 ஆண்டுகளுக்கும் மேல் இயங்கி, 2025 ஜனவரியில் திவால் நிலையை அறிவித்து மூடப்பட்டது. இத்துறையில் பலருக்கும் தாய்வீடு போன்றிருந்த அமைப்பு அது. சந்தா செலுத்தியதோடு நின்றவர்களுக்கு அன்றே அந்தத் தொடர்பு அறுந்தது. சக எழுத்தாளர்களோடு சேர்ந்து உழைத்தவர்களின் நட்போ சங்கத்தைச் சார்ந்திருக்கவில்லை. 1978இல் தொடங்கிய ஜெர்மனியின் டெகோம் சங்கமும், 2013இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் முதல் மாநாட்டை நடத்திய ரைட் த டாக்ஸ் என்னும் ஆவண எழுத்தாளர் குழுவும் இன்று பலர் நாடும் இடங்கள். எங்கு சேர்ந்தாலும், வேலை தேடும் நாளில் மட்டும் அங்கே தலைகாட்டுவது உதவாது.

கருத்துக் கேட்கும் முறையிலும் கவனம் தேவை. "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்ற பதிலே வரும், நட்புக்காக வரும் அந்தப் பதிலால் எழுத்து ஓர் அடியும் நகராது. "இதை முதன்முறை நிறுவுபவர் எந்தப் படியில் தயங்கி நிற்பார்?" என்று கேளுங்கள். படிப்பவர் விரல் வைத்துக் காட்டும் படியிலிருந்தே உங்கள் அடுத்த வரைவைத் தொடங்கலாம்.