வீட்டு வாசலிலேயே சஸ்பென்ஷன் வேலை: காரைத் தாழ்த்தாமல் வளைவில் நிலைக்க வைப்பது எப்படி?

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்கும் மலைப்பாதையில் ஓர் இடது வளைவு. வளைவின் நடுவிலேயே தார் கொஞ்சம் அலையடித்திருக்கும். என்னுடைய 2015 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ அந்த இடத்துக்கு வந்தால் பின்பக்கத்தைத் துள்ளித் துள்ளி வெளியே தள்ளும். வேகம் 40-ஐத் தாண்டியிருக்காது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கதவுப் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். 105 பிஎஸ் என்ஜின், 175 நியூட்டன் மீட்டர் இழுவை எல்லாம் இருந்து என்ன, டயர் தரையில் ஒட்டவில்லையே என்று அன்றைக்குத்தான் சஸ்பென்ஷன் பக்கம் திரும்பினேன்.

கிருஷ்ணகிரியில் என் வீட்டு வாசலில், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்த வேலை இது. முதல் முறை செய்பவர்களுக்காக எழுதுகிறேன். ஸ்விஃப்ட், புன்டோ, ஐ20 என்று முன்பக்கம் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த கம்பம்), பின்பக்கம் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் உத்திரம்) உள்ள எந்த வண்டிக்கும் முறை ஏறக்குறைய இதுதான். போல்ட் அளவும் முடுக்கும் அளவும் மட்டும் மாறும். அவற்றை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை மாற்றுவது, எதை விடுவது

நம் ஊர்ப் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணா, எவ்வளவு இறக்கலாம்?" என்றுதான். என் பதில்: இறக்காதீர்கள். போலோவின் கிரவுண்ட் கிளியரன்ஸே ஏறக்குறைய 165 மி.மீ.தான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை என்பது 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் உள்ள வளைந்த மேடு. நம் ஊர்த் தெருக்களில் இருப்பதோ ஒரு முழ அகலத்தில் செங்குத்தாக நிற்கும் சுவர். 40 மி.மீ. இறக்கிய வண்டி அதில் அடி தட்டாமல் போகாது.

தட்டுவது மட்டும் பிரச்சினை இல்லை. ஸ்ட்ரட் வகை முன் சஸ்பென்ஷனில் வண்டியை இறக்கும்போது, சக்கரத்தை அடியில் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் சாய்ந்துவிடும். அதனால் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடையே தூரம் கூடும். தூரம் கூடினால் சாய்க்கும் விசையும் கூடும். தாழ்ந்த வண்டி குறைவாகச் சாயும் என்று நினைத்துச் செலவு செய்கிறோம், நடப்பதோ சில சமயம் நேர்மாறு. போதாததற்கு ஷாக் உள்ளே நகர இடம் குறைந்து, வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும். இடித்த கணத்தில் அந்தச் சக்கரம் கல்லைப் போல இறுகிவிடும், பிடி போய்விடும்.

ஆகவே என் வரிசை: தேய்ந்த புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), லிங்க் ராட் (இணைப்புத் தண்டு), அடுத்து நல்ல டயர், அடுத்து ஷாக், கடைசியில் வேண்டுமானால் ஸ்பிரிங். பில்ஸ்டீன் என்ற ஷாக் கம்பெனியில் பி6 என்பது கம்பெனி ஸ்பிரிங்கோடு போடுவதற்கு, பி8 என்பது இறக்கும் ஸ்பிரிங்கோடு போடுவதற்கு. நான் எடுத்தது பி6. ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, ஷாக்தான் அதன் துள்ளலை அடக்குகிறது. என் வண்டியில் பின் ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, அதன்மேல் நம் செம்மண் ஒட்டிக் களிம்பாகப் படிந்திருந்தது. ஒகேனக்கல் வளைவில் துள்ளியதன் காரணம் அதுதான். டயரைக் கையால் தடவிப் பார்த்தால் மேடும் பள்ளமுமாக இருந்தது. ஷாக் செத்ததற்கு அது இன்னொரு சாட்சி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது. தேய்ந்த ஷாக்கை அதே அளவு ஷாக்கால் மாற்றுவது வேறு, வண்டியின் உருவத்தையே மாற்றுவது வேறு. எதுவானாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

தொடங்கும் முன்: ஒரு நோட்டும் டேப்பும்

சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் நடு மையத்திலிருந்து மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். என் நோட்டில்: முன் இடது 378, முன் வலது 376, பின் இடது 371, பின் வலது 372 மி.மீ. இந்த நான்கு எண்கள் இல்லாமல் வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். ஏன் என்று கீழே வரும்.

அடுத்தது தரை. எங்கள் மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை, வீட்டுக்கு வீடு வாசலில் நாலு பலகைக் கல் கிடக்கும். அதைக் கண்டு வண்டிக்கு முட்டுக் கொடுக்கத் தோன்றும். வேண்டாம். கல், செங்கல், ஹாலோ பிளாக் எதுவும் முன்னறிவிப்பு இல்லாமல் பிளந்துபோகும். இரண்டு டன் ஜாக்கி ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கியே ஆக வேண்டும். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பிளைவுட் துண்டு போடுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும், தாங்குவது ஸ்டாண்டு. எதிர்ப்பக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. ஸ்டாண்டில் ஏற்றியதும் வண்டியைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் இறக்கி மறுபடி வையுங்கள்.

போல்ட்டுகளுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விடுங்கள். முடுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சைக் கடன் வாங்கியாவது வைத்துக்கொள்ளுங்கள், அது இல்லாமல் இந்த வேலை இல்லை.

முன்பக்கம்

சக்கரத்தைக் கழற்றுங்கள். ஸ்ட்ரட்டோடு பிணைந்திருக்கும் பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர் இரண்டையும் கிளிப்பிலிருந்து விடுவித்து ஓரமாகக் கட்டுங்கள். ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க் ராட் பெரும்பாலான வண்டிகளில் ஸ்ட்ரட்டில்தான் மாட்டியிருக்கும். அதன் நட்டைக் கழற்றும்போது நடுத்தண்டும் சேர்ந்து சுற்றும். தண்டின் முனையில் ஆலன் கீயோ டார்க்ஸ் பிட்டோ கொடுத்துப் பிடித்தால் நிற்கும்.

இனி ஸ்ட்ரட், சக்கரத்தைத் தாங்கும் உலோகத் துண்டான நக்கிளில் சேரும் இடம். ஸ்விஃப்ட் போன்ற வண்டிகளில் இரண்டு போல்ட் இருக்கும். கழற்றும் முன் ஸ்ட்ரட்டும் நக்கிளும் சேரும் இடத்தில் வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். அந்த ஓட்டைகளில் இருக்கும் கொஞ்சம் இடைவெளிதான் கேம்பரை, அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்து நிற்கும் கோணத்தை, தீர்மானிக்கிறது. போலோவில் ஸ்ட்ரட்டின் அடிப்பகுதி நக்கிளுக்குள் செருகப்பட்டு ஒரே போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். போல்ட்டை எடுத்த பின்னும் அது அசையாது. பின்னால் இருக்கும் வெட்டில் ஸ்பிரெடர் என்ற முட்டை வடிவ முனை கொண்ட சிறு கருவியைச் செருகி 90 டிகிரி திருப்பினால் வாய் விரியும். உளியைச் செருகிச் சுத்தியலால் அடிக்காதீர்கள், நக்கிள் விரிசல் விடும்.

நக்கிள் விடுபட்டதும் கீழே தொங்க விடாதீர்கள். சக்கரத்தைச் சுழற்றும் ட்ரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் பிரிந்துவிடும், பிரேக் ஹோஸ் இழுபடும். ஒரு கயிற்றால் கட்டி நிறுத்துங்கள்.

ஸ்ட்ரட்டை வெளியே எடுத்ததும், ஷாக்கைப் பிரிக்க ஸ்பிரிங்கை இறுக்குவதுதான் இந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். இரண்டு ஸ்பிரிங் கம்ப்ரசரையும் நேரெதிராக மாட்டி, ஒரு பக்கம் இரண்டு சுற்று, மறுபக்கம் இரண்டு சுற்று என்று மாற்றி மாற்றிக் கையாலேயே முடுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம். ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்து, கையால் திருப்ப முடிகிறபோதுதான் மேல் நட்டைத் தொடலாம். ஸ்ட்ரட்டின் மேல் முனைக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். மனதில் தயக்கம் இருந்தால் ஸ்ட்ரட்டை மட்டும் கழற்றி, பழகிய மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றி வாங்கி வாருங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, என் முதல் ஸ்ட்ரட்டை நானும் அப்படித்தான் செய்தேன்.

திறந்த கையோடு மேல் மவுன்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், டஸ்ட் கவர் நான்கையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய பேரிங்கை விரலால் சுற்றிப் பார்த்தேன், மணல் அரைபடும் சத்தம் கேட்டது. ஸ்டீயரிங் திரும்பி வராமல் அடம் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

பின்பக்கம்

இது எளிது. டார்ஷன் பீமுக்கு அடியில் ஜாக்கியை லேசாக முட்டுக் கொடுத்து, இரு பக்க ஷாக்கின் கீழ் போல்ட்டையும் எடுத்துவிட்டு, ஜாக்கியை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும், கம்ப்ரசர் தேவையில்லை. பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதில் மட்டும் ஒரு கண் இருக்கட்டும். திரும்ப வைக்கும்போது ஸ்பிரிங்கின் வெட்டு முனை ரப்பர் இருக்கையின் படியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் முதல் பள்ளத்திலேயே "டொக்" என்று கேட்கும்.

கடைசி முடுக்கு

இதைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் நான் பட்டேன். முதல் முறை எல்லா போல்ட்டையும் வண்டி ஸ்டாண்டில் இருக்கும்போதே டார்க் ரெஞ்சால் அளவு பார்த்து முடுக்கி, பெருமையாக இறக்கினேன். நான்கே மாதத்தில் லோயர் ஆர்மின் பின் புஷ் கிழிந்து, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்தது. காவேரிப்பட்டணத்தில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:

"தம்பி, வண்டி காத்துல தொங்கிட்டு இருக்கறப்பவே இத முடுக்கினியா?"

"ஆமாண்ணா."

"அதான். பாரம் சக்கரத்துல உக்காந்த பொறவுதான் கடைசி முடுக்கு போடணும். இல்லாட்டி ரப்பரு முறுக்கிக்கிட்டே நிக்கும், எத்தன நாளைக்குத் தாங்கும்?"

கிழிந்த புஷ்ஷைக் கழற்றிக் கையில் கொடுத்தார். ரப்பர் உள் குழாயோடு ஒட்டிய இடத்தில், ஒரே திசையில் சாய்வாக, வெற்றிலை நரம்பு போல வெடித்திருந்தது. ரப்பர் புஷ் சுழல்வதில்லை, உள் குழாயும் வெளிக் குழாயும் ரப்பரோடு ஒட்டியே இருக்கும். தொங்கும் நிலையில் முடுக்கினால் அதுவே அதன் ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியை இறக்கிய கணத்திலிருந்து இரவும் பகலும் முறுக்கிலேயே நிற்கும்.

அளந்து வைத்த எண்கள் இப்போதுதான் வேலைக்கு வரும். லோயர் ஆர்ம் உள் போல்ட், பின் ஷாக்கின் கீழ் போல்ட், பீம் புஷ் போல்ட்டைத் தொட்டிருந்தால் அதுவும் — இவற்றைக் கையளவுக்கு மட்டும் முடுக்கி வையுங்கள். பிறகு லோயர் ஆர்மின் வெளி முனைக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வரை அந்தச் சக்கரத்துக்கு எழுதிய எண் (என் முன் இடதுக்கு 378) வரும்வரை தூக்குங்கள். ஸ்டாண்டிலிருந்து வண்டி எழும்பக் கூடாது. எழும்பப் பார்த்தால், சக்கரத்தை மாட்டி இறக்கி, கனமான மரப்பலகைகளின் மேல் வண்டியை ஏற்றி நிறுத்தி, வெளியிலிருந்தே கையை நீட்டி முடுக்குங்கள். பழைய ஸ்பிரிங்கே இருப்பதால் பழைய உயரமே சரி. பால் ஜாயின்ட்டுக்கும் லிங்க் ராட்டுக்கும் இந்தக் கவலை இல்லை. ஃபோக்ஸ்வேகனில் டார்க்கோடு (முடுக்கும் அளவு) அதற்கு மேல் திருப்ப வேண்டிய கோணமும் சொல்லியிருக்கும் போல்ட்டுகள் ஒரு முறைக்குத்தான், புதிது போடுங்கள். சக்கர போல்ட் போலோவுக்கு 120 நியூட்டன் மீட்டர்.

டயர், பார், அலைன்மென்ட்

டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வயது தாண்டிய டயரோடு ஷாக்கை மட்டும் மாற்றுவது பாதி வேலை. காற்றழுத்தத்தை வண்டி குளிர்ந்திருக்கும் காலையில், ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு வையுங்கள்.

தடித்த ஸ்டெபிலைசர் பார் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பாரின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 18 மி.மீ. பாரை 20 ஆக்கினால் விறைப்பு ஏறக்குறைய 52 சதவீதம் கூடுகிறது. முன்சக்கர இழுவை வண்டியில் முன் பாரைத் தடிப்பாக்கினால், சாய்வு குறைந்தாலும் மூக்கு வளைவை விட்டு வெளியே போகும். பின்பக்கம் விறைத்தால் மூக்கு உள்ளே வரும், ஆனால் மழையில் பின்பக்கம் வழுக்கும். அன்றாடம் குடும்பத்தோடு ஓட்டும் வண்டிக்கு நான் இரண்டையும் தொட மாட்டேன்.

வேலை முடிந்த மறுநாளே வீல் அலைன்மென்ட். இது வீட்டில் ஆகாது. "பச்சை வந்துடுச்சு சார்" என்று சொன்னால் போதாது, திருத்தும் முன்னும் திருத்திய பின்னும் எடுத்த பிரிண்ட்டைக் கேட்டு வாங்குங்கள். இடது, வலது கேம்பரில் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஏதோ வளைந்திருக்கிறது. டார்ஷன் பீமில் பின்பக்கத்தைத் திருத்த வழி கிடையாது, அளவு மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

ஓட்டிப் பார்க்க தொப்பூர் கணவாய்க்குப் போகாதீர்கள். சேலம் பக்கம் இறங்கும் அந்தச் சரிவில் லாரிகள் பிரேக் சூடேறி வருகின்றன, உங்கள் ஷாக்கைச் சோதிக்கும் இடம் அதுவல்ல. காலை ஆறு மணிக்கு வீட்டுப் பக்கத்துக் காலி ரோட்டில் 30 வேகத்தில் தொடங்கி, கண்ணாடியை இறக்கி, சத்தம் கேளுங்கள். 100 கி.மீ. ஓடியதும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் ஒரு முறை சரிபாருங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நான்கு உயரங்களையும் மறுபடி அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். என்னுடையது முன் இடது 377, முன் வலது 376, பின் இரண்டும் 371. போன மாதம் அதே ஒகேனக்கல் வளைவில் அம்மா தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துக்கொண்டே வந்தார்.